அந்தக் கேபிளை வெட்டியது நான்தான்

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நான் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அது ஒரு பக்கமாகத் திரும்பி வந்தது. ‘புதிய தொழில்நுட்பத்தை ஆர்வத்துடன் கற்றுக்கொண்டேன், நிர்வாகம் எனக்கு உறுதுணையாக இருந்தது’ என்று என் பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். பக்கத்தில் என் போட்டோ. முருகேசனைக் காணோம். கேபிளைக் காணோம். சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். போடவில்லை.

ஆகவே முழுவதையும் இங்கே எழுதுகிறேன். யார் மீதும் கோபம் தீர்க்க எழுதவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

என் பெயர் கலாமணி. மல்லசமுத்திரம் பக்கம் ஊர். அப்பா நிலக்கடலையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தவர். பத்தாவது முடித்ததும் நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் எடுத்தேன். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க கரண்டு வேல?” என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அப்பா, “தோட்டத்துல மோட்டார் நின்னா இப்ப ஊரெல்லாம் ஆளத் தேடறனுங்க. எம்புள்ளயே பாக்கட்டும்” என்றார். அவர் பெரிய கொள்கை எதுவும் பேசியவர் இல்லை. மோட்டார் ஓட வேண்டும், அவ்வளவுதான். பள்ளிபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஏழு வருஷம், அப்புறம் சங்ககிரி ரோட்டில் லாரி ஆக்சிலும் ஹப்பும் செய்யும் இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம். மெயின்டனன்ஸ் பிரிவில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். சீனியர் டெக்னீசியனாக வெளியே வந்தேன். நடுவில் இருந்திருக்க வேண்டிய பதவிகள் ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

முதல் ரோபோ வந்த நாள் நோம்பி மாதிரி இருந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்தார்கள். அதன் வேலை இதுதான்: லாரிச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் என்ற கனமான இரும்புத் துண்டை எடுத்து லேத்துக்குள் வைக்க வேண்டும். லேத் கடைந்து முடித்ததும் அதை எடுத்துச் சரிவுப் பாதை ஒன்றில் விட வேண்டும். அது சறுக்கி வெளியே ஆபரேட்டரிடம் வந்து சேரும். ரோபோவின் கை நுனியில் பிடிப்பதற்கு ஒரு கிரிப்பரும், பார்ப்பதற்கு ஒரு கேமராவும் இருந்தன. கேமரா பார்த்ததைக் கன்ட்ரோல் பேனலுக்குச் சொல்வதும், ‘பிடி’, ‘விடு’ என்று பேனல் சொல்வதைக் கிரிப்பருக்குக் கொண்டு போவதும் ஒரே ஒரு டேட்டா கேபிள். சுண்டுவிரல் பருமன்கூட வராது. அந்த மெஷினில் எல்லோரும் பார்ப்பது பெரிய மஞ்சள் கையைத்தான். நான் பார்த்தது அந்தக் கேபிளை.

முதல் ரோபோவில் அதைக் கட்டியது நான். கரும்புக் கட்டைக் கட்டுவது போல, அடிக்கு ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஐந்தாவது மாதம் ரோபோ நின்றது. டேக் கடித்துக்கொண்டிருந்த இடத்தில், மேலுறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருந்தது. அசையாத பேனலுக்குள் கட்டிப் பழகிய கை என்னுடையது. அசையும் கையில் கட்டுவது வேறு வேலை என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தவறு. இதையும் எழுதித்தான் மலருக்கு அனுப்பினேன். இதையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தவறுக்குப் பிறகுதான் எனக்கு வேலை பிடித்தது. கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். கேபிள் செய்பவர்களின் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நான் கற்றுக்கொண்டதைச் சேலைக் கணக்கில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒரு சேலையைத் தினமும் மடித்து மடித்து வைக்கலாம். பல வருஷம் வரும். அதே சேலையைத் தினமும் முறுக்கிப் பிழிந்தால் எத்தனை நாள் வரும்? கேபிளும் அப்படித்தான். முன்னும் பின்னும் ஓடும் மெஷினில், செயின் மாதிரி இருக்கும் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு கேபிள் மடங்கும், நிமிரும். அதற்கென்று ஒரு வகை உண்டு. ரோபோவின் மணிக்கட்டில் இருக்கும் கேபிளோ ஒவ்வொரு முறையும் பிழியப்படுகிறது. அதற்கு வேறு வகை. அதில் உள்கம்பிகள் மயிரிழை போல மெல்லியதாக இருக்கும். இடையில் வழுக்கிக்கொடுக்க ஒரு நாடா இருக்கும். வெளி மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராமல் தடுக்கும் ஷீல்டு, பின்னலாக இல்லாமல், ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கும். முறுக்கும்போது அது விரிந்து சுருங்கும். இரண்டு வகைக்குமே டப்பாவில் ‘பிளெக்சிபிள்’ என்றுதான் போட்டிருக்கும். வாங்குகிறவர்கள் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவார்கள். வளைவது வேறு, முறுக்குவது வேறு என்று நான் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை.

சரியான கேபிளை வாங்கினாலும் போதாது. டிரம்மிலிருந்து வளையம் வளையமாக உருவி எடுத்தால் ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்கைக் கேபிளுக்குள் வைத்துவிடும். டிரம்மை உருட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை ஷெட்டின் இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுவேன். அதுவாக மெல்லத் திரும்பித் திரும்பித் தன் முறுக்கை விட்டுவிடும். “என்னங்கக்கா, பாம்பு காயப் போட்டிருக்கீங்களா?” என்று போகிறவர்கள் கேட்பார்கள். காயட்டும் என்பேன். பிறகு, மேலுறையில் அச்சிட்ட எழுத்து ஒரே பக்கமாக நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படுக்க வைக்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் கனமான மின் கேபிளோடு ஒட்டவிடக் கூடாது. டேக் கூடாது. அகலமான நாடாவால், விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகச் சுற்ற வேண்டும். மணிக்கட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும் ரப்பர் வைத்த பிடிப்பான், நடுவில் எதுவும் இல்லை. எல்லாம் முடிந்ததும் ரோபோவை ஆமை வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு மூட்டையும் எவ்வளவு திரும்ப முடியுமோ அவ்வளவும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கே உரசுகிறது, எங்கே இழுக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வரை நான் சரி என்று எழுத மாட்டேன். இதற்கு இரண்டு முழு நாள் ஆகும். அரை நாளில் முடிக்கச் சொல்வார்கள். எனக்கு இரண்டு நாள்தான் ஆகும்.

மெயின்டனன்ஸ் மேனேஜர் நடராஜன் சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சேலம் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். காலையில் எட்டு இருபத்தைந்துக்கு அவர் கதவு திறந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிறவர்களைக்கூட நீங்க என்பார். யார் எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, “எழுதிக் குடுங்க” என்பார். அவ்வளவுதான். மறுத்தார் என்று சொல்ல முடியாது, ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த வார்த்தைக்கு அப்புறம் எதையும் எழுதாமல் போய்விடுவார்கள். எழுதினால் பெயர் நிற்கும், கையெழுத்து நிற்கும், நாளைக்குக் கேள்வி வரும். நான் பத்தாவது ஆள். அவர் ஒவ்வொரு முறை சொன்னபோதும் நான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அளவெடுத்தது போல மூன்றாக மடித்து, பைலில் வைப்பார். பைலுக்குள் போனது வெளியே வருமா என்பது வேறு விஷயம்.

ஒரு வருஷம் மூன்று ரோபோக்கள் ஒன்றாக வந்தன. இந்த முறை விற்ற நிறுவனமே கேபிளும் கொண்டுவந்து, அவர்கள் ஆட்களே மாட்டினார்கள். மாட்டி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். மேலுறையில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தேன். நல்ல கேபிள்தான். ஆனால் மடங்குவதற்கான கேபிள். பிழியும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். நடராஜன் சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். “எழுதிக் குடுங்க.” அன்றைக்கே எழுதினேன். ‘இந்தக் கேபிள் மணிக்கட்டின் முறுக்குக்கு ஏற்றதல்ல. அறுந்தால் கிரிப்பர் பிடியை விட்டுவிடும்படி அமைப்பும் உள்ளது. இரண்டையும் மாற்ற வேண்டும்.’ மூன்றாக மடித்து வைத்தார். உத்தரவாதக் காலத்தில் நாம் கை வைத்தால் விற்றவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள் என்று மேலே முடிவாகிவிட்டதாக ஒரு வாரம் கழித்துச் சொன்னார்.

மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை, காலை டீக்கு மணி அடிக்கும் நேரத்தில் அந்த மூன்றில் இரண்டாவது ரோபோ ஹப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பிடியை விட்டது.

ஹப் சரிவுப் பாதையின் மேல் விழுந்து, சறுக்கி வரவில்லை, எகிறி வந்தது. வெளியே நின்றிருந்த முருகேசனின் வலது பாதத்தில் விழுந்தது. சேஃப்டி ஷூ போட்டிருந்ததால் விரல்கள் தப்பின. மேல் எலும்புகள் நொறுங்கிவிட்டன. நான் ஓடிப் போனபோது அவன் கத்தவில்லை. உட்கார்ந்துகொண்டு, “அக்கா, நாந் தொடலீங்கக்கா, நாந் தொடலீங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முருகேசன் மேச்சேரிக்காரன். வீட்டில் செம்மறி ஆடு வளர்ப்பவர்கள். கம்பெனியில் ஒன்பது வருஷம். ரோபோ வந்தபோது மற்ற ஆபரேட்டர்கள் பயந்து விலக, தானாக முன்வந்து கற்றுக்கொண்டவன். அந்த மூன்று மாதத்தில் ரோபோ காரணமில்லாமல் நின்ற ஒவ்வொரு முறையும் நேரத்தைத் தன் நோட்டில் குறித்து வைத்தவனும் அவன்தான். ‘தொடர்பு இல்லை’ என்று திரையில் வரும். அப்போதெல்லாம் கிரிப்பரில் ஹப் இருந்ததில்லை. அவன் ரீசெட் செய்வான். திரும்ப ஓடும். புரொடக்‌ஷன் பிரிவில், “நீ எதையாச்சும் தொட்டிருப்ப” என்பார்கள்.

விபத்துக்கு மறுநாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. சரிவுப் பாதையின் வாய்க்குள் அவன் கையை விட்டான், அதனால், குறுக்கே எது வந்தாலும் மெஷினை நிறுத்திவிடும் பாதுகாப்பு ஒளித்திரை தடைபட்டு ரோபோ அவசரமாக நின்றது, அந்த உதறலில் ஹப் விழுந்தது என்றார்கள். ரோபோவின் பதிவில் இரண்டு அலாரமும் ஒரே நொடியில் இருந்தன. தொடர்பு அறுந்ததும், ஒளித்திரை தடைபட்டதும். எது முதலில் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. விழுந்து எகிறிய ஹப்தான் ஒளித்திரையைத் தாண்டி வந்தது என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. அதைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே குறைவு. ஆபரேட்டர் கையை விட்டான் என்றால் விஷயம் முடிந்தது. கேபிள் என்றால் மூன்று ரோபோவும் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முருகேசனைப் பார்க்கச் சேலத்தில் அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் மனைவி ராணி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

“ஏனுங்கக்கா, கம்பெனில இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. இவுரு கைய உட்டாருன்னு எழுதி, கையெழுத்துக் கேட்டாங்க. போட்டா வைத்தியமெல்லாம் அவுங்களே பாத்துக்கறாங்களாமா. நெசமாலுமே இவுரு கைய உட்டாருங்களா?”

“அவன் என்ன சொல்றான்?”

“நீங்களே கேளுங்க.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். முருகேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, அன்னைக்கு நாந் தொடலேன்னு சொன்னனுங்கள்ல?”

“சொன்ன.”

“இப்ப ரோசன பண்ணிப் பாத்தா, தெரியலீங்கக்கா. ஒருக்கா கைய உட்டனோ என்னமோ. எல்லாரும் சொல்றாங்க. இத்தன பேரு பொய்யா சொல்லுவாங்க?”

கால் நொறுங்கியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான்கு நாளில் அந்த மனிதனின் ஞாபகத்தையே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டார்களே.

“முருகேசா, எதுலயும் கையெழுத்துப் போடாத. கம்பெனி வைத்தியம் பாத்துத்தான் ஆகோணும், அதுக்கு உன்ற கையெழுத்து வேண்டியதில்ல. கேபிள நான் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“கேபிள்ல ஒண்ணுமில்லைன்னா?”

“இல்லைன்னா அதையும் வந்து உங்கிட்டச் சொல்றேன்.”

திங்கட்கிழமை விசாரணை. அந்த ரோபோவை விபத்து நடந்த நிலையிலேயே நிறுத்தி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். விற்ற நிறுவனத்திலிருந்து விக்ரம் என்ற இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நடராஜன் சார், புரொடக்‌ஷன் மேனேஜர், தொழிலாளர்கள் சார்பில் ஒருவர், நான். விக்ரம் கேபிளின் ஒரு முனையில் டெஸ்டரையும் மறு முனையில் அதன் ஜோடியையும் மாட்டினார். எட்டுக் கம்பியும் பச்சை விளக்கு. எல்லோருக்கும் காட்டினார். மெஷினில் குறையில்லை என்று அறிக்கை ஏற்கெனவே அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்பது மூன்றாவது வரியில் இருந்தது. கடைசியில் ஐந்து கையெழுத்துக்கு இடம். ஐந்தாவது என்னுடையது.

“நான் போட மாட்டனுங்க” என்றேன்.

“டெஸ்டர்ல பாஸ் காட்டுதே மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் விக்ரம். மரியாதையான பையன்தான். அவர் பிழைப்பு அது.

“ரோபோ சும்மா நிக்கறப்ப பாஸ்தான் காட்டும். டெஸ்டர் மாட்டுனபடியே இருக்கட்டும். கைய முறுக்கிக் காட்டுங்க.”

புரொடக்‌ஷன் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நடராஜன் சார் என்னைப் பார்த்தார். பிறகு, “முறுக்கிக் காட்டுங்க” என்று விக்ரமிடம் சொன்னார்.

ஆமை வேகத்தில் மணிக்கட்டைத் திருப்பினார்கள். கால் சுற்று, பச்சை. அரைச் சுற்று, பச்சை. முக்கால் சுற்றை நெருங்கும்போது நாலாவது விளக்கு ஒரு கணம் அணைந்து திரும்ப எரிந்தது. “பாத்தீங்களா?” என்றேன். பின்னால் திருப்பினார்கள். அதே இடத்தில் மறுபடியும் அணைந்தது. மூன்றாவது முறை அணையவில்லை.

“டெஸ்டர் கிளிப் லூசா இருக்கும் மேடம். மூணாவது தடவ வரலையே” என்றார் விக்ரம். “எதுக்கும் இந்தக் கேபிளைக் கழட்டி எங்க லேபுக்கு எடுத்துட்டுப் போயி செக் பண்ணி ரிப்போர்ட் அனுப்பறோம். புதுசு ஒண்ணு இப்பவே மாட்டிடலாம்.”

அவர் கொண்டுவந்திருந்த புதுக் கேபிளைப் பார்த்தேன். அதே எண். அதே வகை. பழையது சென்னைக்குப் போகும். அங்கிருந்து என்ன ரிப்போர்ட் வரும் என்பது எனக்குத் தெரியும். அது வருவதற்குள் முருகேசன் கையெழுத்துப் போட்டிருப்பான். அவர் ஆட்கள் பிடிப்பானைக் கழற்றிக் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

“சார், அத இங்கயே திறந்து பாக்கோணும்” என்றேன் நடராஜன் சாரிடம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாய் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

“எழுதிக் குடுங்க, கலாமணி.”

“எழுதிட்டனுங்க சார். மூணு மாசத்துக்கு முன்னாடியே.”

சொல்லிக்கொண்டே கேபிளை அவர்கள் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு எனக்குக் கொடுத்த மெமோவில் எழுதியிருந்தார்கள். அப்படியே வைத்துக்கொள்ளலாம். விளக்கு அணைந்தபோது முறுக்கு எங்கே விழுந்தது என்று பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு, என் பையில் இருந்த கட்டரால் வெட்டினேன். யாரோ, “ஏய், ஏய்” என்றார்கள். விசாரணைக்காக அங்கே போட்டிருந்த மேஜை மேல் இருந்த வெள்ளைத் தாளை இழுத்து, அதன் மேல் துண்டை வைத்து, கத்தியால் மேலுறையை நீளவாக்கில் கீறி விரித்தேன்.

உள்ளிருந்து ரம்பத்தூள் கொட்டுவது போல, வெள்ளி நிறத்தில் பொடிப் பொடியாகக் கொட்டியது. அது தூள் இல்லை, ஷீல்டு. பின்னல் பின்னலாக இருந்திருக்க வேண்டியது, மூன்று மாதம் பிழிபட்டு அரிசி அளவுத் துண்டுகளாகியிருந்தது. அதற்குள் நாலாவது கம்பி. அதன் காப்பு உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அசையாமல் இருந்தால் தொடும், டெஸ்டர் பச்சை காட்டும். முறுக்கினால் விலகும், ரோபோ பிடியை விடும்.

விக்ரம் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தன் அறிக்கையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். தொழிலாளர்கள் சார்பில் வந்தவர் போனில் படம் எடுத்தார். நடராஜன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தத் துண்டை ஒவ்வொரு கம்பியாக விலக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்த அறிக்கை வேண்டாம்” என்றார் கடைசியில். “புதுசா எழுதுங்க. மூணு ரோபோவும் நிக்கட்டும்.”

புரொடக்‌ஷன் மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். “நிக்கட்டும்னு சொன்னேன்” என்றார் சார். அதையும் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரிடமிருந்தே எனக்கு மெமோ வந்தது. ‘விசாரணையில் இருந்த பொருளை அனுமதியின்றிக் கைப்பற்றி வெட்டிச் சேதப்படுத்தியது’ பற்றி விளக்கம் கேட்டு. நான் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“ரெண்டும் உண்மைதானே கலாமணி?” என்றார். “கேபிள் அறுந்திருந்தது உண்மை. நீங்க அனுமதி இல்லாம வெட்டுனதும் உண்மை. ஒண்ணை எழுதிட்டு இன்னொண்ணை விட முடியாது.”

“அப்புடீன்னா மூணாவது உண்மை ஒண்ணு இருக்குதுங்க சார். நான் எழுதிக் குடுத்தது மூணு மாசமா உங்க பைல்ல கெடந்ததும் உண்மைதானுங்க. அதுக்கு ஆருக்கு மெமோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லை, கண்ணைக் கசக்கினார், களைப்பில்.

“அதையும் எழுதிக் குடுங்க” என்றார்.

அங்கேயே, அவர் மேஜையில், அவர் பேனாவில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். மூன்றாக மடிக்கவில்லை. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு, மேலிடத்துக்குப் போகும் உறையில் வைத்தார். அதற்கு அவருக்கு என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. அந்த மனிதரை நல்லவர் என்று சொல்ல இன்னும் எனக்கு மனது வரவில்லை. ஏனென்றால் பைலைத் திறந்திருந்தால் ஒரு கால் தப்பியிருக்கும். கெட்டவர் என்று சொல்லவும் முடியவில்லை.

அன்றைக்கே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். நேரில்தான் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன். வெட்டிய துண்டின் படத்தைக் காட்டினேன். முருகேசன் போனைக் கையில் வாங்கி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“அப்ப நாந் தொடலீங்கக்கா” என்றான்.

“நீ தொடல.”

அவன் ராணி பக்கம் திரும்பினான். “நாந் தொடல, கேட்டியா?” என்றான். அப்புறம்தான், விபத்து நடந்து ஆறாம் நாள், முதல் தடவையாக அழுதான். “காலு வலிக்குதுங்கக்கா” என்று சொல்லி அழுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று ரோபோவிலும் கேபிளை மாற்றினோம். நான் கேட்ட வகை, நான் கேட்ட இரண்டு நாள் வீதம். தொடர்பு அறுந்தாலும் கிரிப்பர் பிடியை விடாதபடி அமைப்பையும் மாற்ற வைத்தேன். முருகேசன் ஏழு மாதம் கழித்துக் காலைச் சற்றே இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்தான். அதே ரோபோவைக் கேட்டு வாங்கினான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். என்னை ரோபோ பக்கத்திலிருந்து எடுத்து, கம்ப்ரசரும் தெருவிளக்கும் பார்க்க அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. சுழற்சி முறை என்றார்கள். இரண்டு வருஷம் தெருவிளக்குப் பார்த்தேன். அந்த இரண்டு வருஷம் எங்கள் கம்பெனித் தெருவில் ஒரு விளக்கும் அணைந்ததில்லை. ரோபோக்கள் பத்துக்கு மேல் ஆனபோது திரும்பக் கூப்பிட்டார்கள். போனேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இன்ஜினியர் ஆனார்கள். சிலர் என்னிடம் கேபிள் கேட்டுக்கொண்டு போய் இன்ஜினியர் ஆனார்கள். பதவி உயர்வுக் கூட்டம் வரும்போதெல்லாம் பைலில் அந்த மெமோ இருந்தது.

‘பணிந்து போயிருக்கலாமே’ என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அனுமதி கேட்டு, எழுதிக் கொடுத்து, காத்திருந்து, ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்று. நான் மூன்று மாதம் ஒழுங்காகத்தான் காத்திருந்தேன். இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தால் அந்தக் கேபிள் சென்னை போகிற வழியில் ஓமலூர் தாண்டியிருக்கும்.

ஓய்வு பெற்ற நாளில் மாலை மரியாதை எல்லாம் முடிந்த பிறகு எச்.ஆரில் இருக்கும் பிரியா என்ற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல பெண். என் மேல் மரியாதை உள்ளவள். என் சர்வீஸ் பைலை மேஜை மேல் விரித்து வைத்திருந்தாள்.

“மேடம், இதுல ஒரே ஒரு மெமோதான் இருக்கு. நான் மேல பேசிட்டேன். நடந்ததுக்கு வருந்தறேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா, எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. கிளீன் ரெக்கார்டோட போலாம்.”

“எதுக்கு சாமி எடுக்கறது?”

“உங்களுக்காகத்தான் மேடம். இவ்வளவு வருஷம் வேலை பாத்துட்டு, இது ஒண்ணு கறை மாதிரி இருக்குல்ல?”

“ஒருத்தன் கையே உடல, உட்டான்னு எழுதிக் கையெழுத்துக் கேட்டாங்க. அதுக்கு இந்தக் கம்பெனில எந்த பைல்லயும் ஒரு காயிதம் இல்ல. கேபிள வெட்டுனதுக்காச்சும் ஒண்ணு இருக்குது. இருக்கட்டும்.”

அவள் மெமோவின் கீழ்ப் பாதியைக் காட்டினாள். “அப்ப ஒண்ணுமே எழுத மாட்டீங்களா மேடம்? பதில் பகுதி காலியாவே இருக்கு. இத்தனை வருஷமா நீங்க விளக்கம் குடுக்கவே இல்லையாம்.”

அது உண்மைதான். அன்றைக்கு மூன்றாவது உண்மையை எழுதினேனே தவிர, கேட்ட விளக்கத்தை எழுதவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கினேன். மெமோவின் கீழே, ‘பணியாளர் விளக்கம்’ என்று போட்டிருந்த இடத்தில், ‘இதே நிலைமை வந்தால் மறுபடியும் வெட்டுவேன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.